காதுச் செள்ளின்மேல் கடிகாரக்காரன் படையெடுத்த வரலாறு

வாழ்க அவ்வீரன். நின்றுபோன மணிகளை ஓடவைத்தவன், மயிரிழைச் சுருள்வில்லைத் தன் மூச்சும் படாமல் எடுத்துப் பொருத்துபவன், கால் ஆடும் நாற்காலியில் முப்பதாண்டு வீற்றிருந்து, முழ அகல மேசையைத் தனிக்குடைக்கீழ் ஆண்டவன், வீட்டுக் குழாய் ஒழுகினாலும், வாயில் பல் ஆடினாலும், பிறர் கைக்கு ஒரு காசும் ஈயாத கொள்கைக் குன்றம், கடைத்தெருக் கடிகாரக்காரன். அவன் செய்த போரைப் பாட வந்தோம். பாடத் தகுந்தது வேறொன்றும் அகப்படாமையால் இதைப் பாடுகிறோம்.

அவன் கடையின் பின்கட்டே அவன் இல்லம். அங்கே சீமாட்டி என்னும் பூனை வாழ்ந்தாள். பனிவெண் மார்பினள், பஞ்சடி நடையினள், பழுதுக்கு வந்த கடிகாரங்களுக்கென விரித்த மெத்துத் துணியைத் தன் மஞ்சமாகக் கொண்டவள். ஒரு திங்கட்கிழமை தொட்டு அவள் ஓயாது தலையை உதறினாள். பின்னங்காலால் காதைப் பிறாண்டினாள். மடலின் பின்புறம் மயிர் உதிர்ந்து புண்ணாயிற்று. காதினுள்ளே காப்பித்தூள் போலக் கரிய பொடி குவிந்தது. உணவுத்தட்டை முகர்ந்துவிட்டு முகம் திருப்பினாள்.

வீரனின் மனைவி மருந்துக்கடையில் பில் போடுபவள். காலாவதித் தேதி பாராமல் உப்புப் பொட்டலமும் வாங்காதவள். "காதுல பூச்சி இருக்குற மாதிரி இருக்குங்க," என்றாள். "தெருக்கோடியில பிராணி ஆஸ்பத்திரி இருக்கு. சாயங்காலம் கொண்டுபோய்க் காட்டிடலாம்."

வீரன் நகைத்தான். கண்குழியில் லென்ஸைச் செருகி, மேசைவிளக்கைத் தாழ்த்தி, சீமாட்டியின் செவிக்குகையை நோக்கினான். ஆங்கே பாடிவீடு அமைத்துத் தங்கிய பகைவர் சேனைபோல், ஊசிமுனையினும் சிறிய வெண்புள்ளிகள் ஊர்ந்தன. காதுச் செள்ளு என்னும் பூச்சி. கண்டதும் அவன் தோள்கள் பூரித்தன. தோள்கள் என்று ஒப்புக்குச் சொல்கிறோம்.

"கண்ணுக்குத் தெரியுதுல்ல," என்று முழங்கினான். "தெரிஞ்சா எடுத்துடலாம். இதுக்குப் போய் எதுக்கு டாக்டர்."

முதற்போர் இடுக்கிப் போர். சீமாட்டியைத் துண்டில் சுருட்டி மடியில் இருத்தி, வாசலில் வாடிக்கையாளர் இருவர் காத்து நிற்க, ஒரு பிற்பகல் முழுதும் பகைவரை ஒவ்வொருவராய்க் கவ்வி இழுத்து வெள்ளைத்தாளில் கிடத்தினான். வீழ்ந்தோர் பதினால்வர். அவன் பதினைந்தாமவனைத் தேடுகையில், உள்ளே நூற்றுவர் முட்டை பொரிந்து வெளிவந்தனர். ஆற்றைக் கரண்டியால் இறைத்து வற்றச் செய்ய முயன்ற அவ்வறிவாளனை, மணிக்கட்டு முதல் முழங்கை வரை ஐந்து கோடு கிழித்துவிட்டு, சீமாட்டி பீரோவின் அடியில் புகுந்தாள். இரண்டு நாள் வெளிவரவில்லை.

இரண்டாம் போர் எண்ணெய்ப் போர். அழுக்கை இளக்க இரு துளி போதுமாயிருக்க, குறைவாய்ச் செய்தல் வீரர்க்கு அழகன்று என எண்ணி, காது நிரம்பி வழிய வார்த்தான். சீமாட்டி ஒருமுறை தலையை உதறினாள். எண்ணெயும் கரும்பொடியும் கார்மழையெனப் பொழிந்து, மேசைமேல் வயிறு திறந்து கிடந்த தலைமையாசிரியரின் கைக்கடிகாரத்துள் இறங்கின. நின்றதை ஓட்டப் பிறந்தவன் ஓடியதை நிறுத்தினான்.

சனிக்கிழமை துணைப்படை வந்தது. மனைவியின் தம்பி, நாய் வளர்ப்பதால் விலங்கியல் முழுதும் கரைகண்டவன், பையிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தான்.

"நாய்க்கு வாங்கினதுல மிச்சம் இருக்கு, மாமா. பிடரியில விட்டா பூச்சி செத்துடும். அதுக்கும் நாலு காலு, இதுக்கும் நாலு காலு. எல்லாம் ஒண்ணுதான்."

காசில்லாமல் கைக்கு வந்த கொடுவேல். வீரன் கண்ணில் நீர் துளிர்த்தது. லென்ஸைச் செருகினான், சீமாட்டியின் பிடரிமயிரை விரலால் வகிர்ந்தான், குப்பியின் நுனியில் ஒரு துளி திரண்டு தொங்கிற்று.

அவ்வேளை மனைவி வேலைமுடிந்து வந்தாள். தோள்பையையும் இறக்காமல் பெட்டியை எடுத்துப் புரட்டினாள். எறும்பின் காலடிபோன்ற எழுத்து. கணவன் கண்ணிலிருந்த லென்ஸை உருவித் தன் கண்ணில் வைத்துப் படித்தாள்.

"பூனைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. வலிப்பும் மரணமும் நேரலாம்."

"எங்க நாய்க்கு ஒண்ணும் ஆகலியே, அக்கா," என்றான் தம்பி.

"ஆகாதுடா. அது நாய்."

வீரன் குப்பியை மெல்ல விலக்கி மூடினான். மற்றொரு கை இன்னும் பூனையின் பிடரியில் இருந்தது. விரலுக்கடியில் அவள் நெஞ்சு விரைந்து துடித்தது. முப்பதாண்டில் முதன்முறையாக, திறந்து பார்த்துச் சரிசெய்ய முடியாத ஒன்று தன் கையில் ஓடிக்கொண்டிருப்பதை அவன் உணர்ந்தான். கூடையைத் தேடி எடுத்தான். சீமாட்டியை அதில் இருத்தித் தூக்கி நடந்ததும் அவனே.

மருத்துவமனையில் இளம் டாக்டர் காதைப் பார்த்துவிட்டு, "இதைக் கிண்டுனது யாரு?" என்று கேட்டாள். மனைவி கணவனைப் பார்த்தாள். வீரன் சுவர்க்கடிகாரத்தை நோக்கினான். அது ஐந்து நிமிடம் பிந்தி ஓடியது. அதையும் அவன் சொல்லவில்லை.

டாக்டர் காதைப் பஞ்சால் துடைத்து, பூனைக்குரிய மருந்தைப் பிடரியில் ஒரு சொட்டு விட்டாள். "அடுத்த மாசம் இன்னொரு சொட்டு. அதுவரைக்கும் அது படுக்குற துணியை வாராவாரம் வெந்நீர்ல துவைச்சிடுங்க. அவ்வளவுதான்." கட்டணம், கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற அவன் வாங்கும் கூலி.

முரசம் முழங்கவில்லை, சங்கம் ஒலிக்கவில்லை. ஒரு சொட்டின்முன் பகைவர் சேனை பாசறையோடு மாண்டது. பத்தாம் நாள் சீமாட்டி காதைச் சொறியாமல் தட்டைக் காலிசெய்து மெத்துத் துணிமேல் சுருண்டாள். அன்று, தோல்வியின் தழும்பைச் சட்டைக்கைக்குள் மறைத்த வீரன், வந்த வாடிக்கையாளர் அனைவர்க்கும் அரியணையிலிருந்து அருளினான்: "பூனைக்குக் காதைக் கிண்டவே கூடாதுங்க. ஒரு சொட்டு போதும். நான் அப்பவே சொன்னேன்."

பின்கட்டிலிருந்து மனைவி, "ஏங்க, வெந்நீர் ஆறுது," என்றாள்.

வீரன் எழுந்து போய்ச் சீமாட்டியின் துணியைத் துவைத்தான்.