எங்கள் வீட்டைச் சுற்றிய கிரிவலம்

அடி அண்ணாமலை,
பௌர்ணமிக்கு மறுநாள்.

மரியாதைக்குரிய மைத்துனர் இராமலிங்கம் அவர்களுக்கு சக்கரபாணி எழுதுவது. கீழ்பென்னாத்தூரில் நீங்களும் தங்கச்சியும் சுகமென நம்புகிறேன். இங்கே மலையும் நாங்களும் இருந்த இடத்திலேயே இருக்கிறோம்; சாலைதான் இடம் மாறிவிட்டது. போனில் சொன்னால் நடுவில் பேசுவீர்கள் என்பதால் கடிதம்.

நீங்கள் சொன்ன வேலூர் சம்பந்தம் நேற்று சாயங்காலம் என் மகள் கீர்த்தனாவைப் பெண் பார்க்க வந்தது. வந்தது, பார்க்கவில்லை. ஊருக்குக் கரண்ட் போதவில்லை என்று பூமிக்கடியில் உயர் அழுத்தக் கேபிள் பதிக்கிறார்கள் அல்லவா, அதை இணைப்பதற்கான பெரிய குழி நம் வாசலுக்கு நேரே. கிரிவலம் போகிறவர்கள் விழுந்துவிடாமலிருக்க என்ஜினீயர் அன்பரசன் தகரம் அடைத்து, நம் சந்தில் நுழைந்து வீட்டுக்குப் பின்பக்கமாகச் சாலையைப் பிடிக்கும்படி அம்புக்குறிப் பலகைகள் வைத்தார். கடைசிப் பலகை மட்டும் சாலையைக் காட்டாமல் மறுபடி நம் வாசலைக் காட்டியது. முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்து நடக்கும் ஜனம். மலையைப் போலவே வீடும் வலப்பக்கமே இருந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்றாவது சுற்றில் யாரோ படியில் கற்பூரம் ஏற்றினார்கள். கேபிள் வேலைக்காகக் கரண்ட் நிறுத்தியிருந்ததால் நான் புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு, பட்டை விபூதியும் புது வேட்டியுமாக, சம்பந்தி வீட்டாரை வரவேற்கத் தாம்பாளத்தோடு வாசலில் நின்றேன். அந்த வரிசையில், நம் வீட்டைத் தேடி வந்து கூட்டத்தில் மாட்டிக்கொண்டவராக, போட்டோவில் பார்த்த பையனின் அம்மா ரேணுகாம்பாள்!

"சாமி, எம்பையனுக்கு எடமே அமையலைங்க, திருநீறு குடுங்க" என்றார்.

"உள்ள வாங்கம்மா, பொண்ணு உள்ளதான் இருக்குது" என்றேன்.

"ஐயையோ, அம்மன் சந்நிதிக்குள்ள நாங்க வரலாமாங்க?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குள் கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது; பிறகு அவர் என் கண்ணில் படவேயில்லை.

ஆகவே, நான் பூசாரி இல்லை என்று எடுத்துச் சொல்லி அவர்களை அடுத்த வாரம் மறுபடி கூட்டி வாருங்கள். இது மூன்றாவது வரன். இதுவும் தட்டிப்போனால் நான் தாங்கமாட்டேன். அந்த அன்பரசன் மேல் புகாரும் எழுதி வைத்துவிட்டேன்.

உங்கள் அக்கா தங்கம்மாள் தம்பியை விசாரித்தாள். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம்; நேற்று ஊருக்கே கொடுத்தது போகக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
சக்கரபாணி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கீர்த்தனா இதை வாங்கிப் படித்தாள். "அந்தக் கடைசி போர்டைத் திருப்பி வச்சது நாந்தாம்பா. பாவம், அந்த என்ஜினீயர் மேல புகார் போடாதீங்க" என்றாள். "கல்யாணம் இப்ப வேணாம்னா வாயைத் தொறந்து சொல்லக்கூடாதா?" என்றேன். "மூணு தடவையும் சொன்னேம்பா" என்றாள். யோசித்துப் பார்த்தேன், சொல்லித்தான் இருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேலூர்க்காரர்களைக் கூட்டி வர வேண்டாம்.