எட்டரை மணித் தீர்ப்பு

இனிமே எம் பொண்டாட்டிகிட்ட எந்தப் பந்தயத்துலயும் தோக்குறதில்லன்னு போன ஆவணியில ஒரு முடிவெடுத்தேன்.

நான் சட்டம் படிக்கிறவன். முப்பது தாண்டிப் படிக்கிறேன்னு சிரிக்காதீங்க, சிரிக்கிறதுக்கும் ஒரு பிரிவு இருக்கு. வாத்தியாரோட வாதாடி வகுப்புக்கு வெளிய நின்னவன். கண்டக்டரோட வாதாடி தேனி ரோட்டுல பாதியில எறங்குனவன். அப்பேர்ப்பட்டவன் வீட்டுல கார்த்திகாகிட்ட தெனமும் தோத்தேன். ஒரு டிவி தொடரால வந்த தொடர் தோல்வி. காலேசுல எனக்கு அரியர், வீட்டுல அவளுக்கு அரியணை.

அந்த சீரியல்ல தமிழினின்னு ஒரு மருமக. மாமியாருக்கு வெசம் வச்சான்னு பொய்க்கேசு. ராத்திரி எட்டரைக்கு வரும்.

"இன்னைக்கு ஜாமீன் கெடைச்சிரும் பாருங்க"ன்னா கார்த்திகா.

"எந்தக் கோர்ட்டுலடி குடுப்பான்? கொலை முயற்சி!"

"கெடைச்சா நாளைக்குத் தண்ணி நீங்க புடிக்கணும்."

கெடைச்சிருச்சு. புடிச்சேன். சாட்சி பல்டி அடிப்பான்னா. அடிச்சான். பாத்திரம் வெளக்குனேன். கோர்ட்டுல வாய்தா வாங்கப் படிக்கிற எனக்கு, வீட்டுல வாயை அடக்கத் தெரியல.

இதுவரைக்கும் சரி. அப்பப் பாத்து மாமனார் மொக்கச்சாமி போன் போட்டாரு. போடிமெட்டுக்கு மேல அவருக்கு ஏலத்தோட்டம். காய் எடுப்பு ஆரம்பிச்சிருச்சு, கூட நிக்க ஒரு ஆளு வேணும்.

"நீங்க போங்க"ன்னா கார்த்திகா.

"எனக்கு அரியர் இருக்கு! அங்க மழை, குளிரு, அட்டை! டவரு கூட எடுக்காது!"

"எனக்கு மட்டும் குடோன்ல சோலி இல்லையா?"

அவ ஏலக்கா குடோன்ல காய் பொறுக்குறவ. யாரு மேல போறதுன்னு ரெண்டு நாளு சண்டை. எனக்கு அந்த மலை ஆகவே ஆகாது.

மறுநா எங்க தெருக் கேபிள்காரரு எபினேசர் அண்ணன் வயரு பாக்க வந்தாரு. அவருகிட்டப் பொலம்புனேன்.

"அண்ணே, கதை எழுதுறவனுக்குச் சட்டம் தெரியல. எம் பொண்டாட்டிக்குக் கதை தெரியுது. எப்படிண்ணே?"

"மாப்ளே, நீ இன்னும் எட்டரைக்கா பாக்குற?"

"பின்ன எப்ப பாக்குறது?"

"கூறுகெட்டவனே, ராத்திரி வர்றது விடியக்காலையிலயே போன்ல ஆப்புல வந்துருதே. குடோன் பொம்பளைக மூடைமேல ஒரு போனச் சாத்தி வச்சு, காய் பொறுக்கிக்கிட்டே அம்புட்டுப் பேரும் பாத்துர்றாளுக."

"யாரு போடுறா? திருட்டுத்தனமாவா?"

"சேனல்காரனே போடுறான்யா. அவன் டிவிக்கு முன்னாடி அவன் ஆப்புல."

"அப்ப டிவி எதுக்குண்ணே?"

"ஒன்னைய மாதிரி ஆளுக்கு. முந்தியெல்லாம் எட்டரைக்கு ஒரு நிமிசம் லைன் போனா, தெருவே எங்க வாசல்ல வந்து வஞ்சிட்டுப் போகும். இப்ப நாள்பூரா போனாலும் கேக்க நாதியில்ல. நானே நெட்டு லைனுக்கு மாறிட்டேன். அதே ஏணி, வேற வயரு."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவ பாத்தது ஆப்பு இல்ல, எனக்கு வச்ச ஆப்பு.

அன்னைக்கே அதே ஆப்புக்கு எம் போன்ல காசு கட்டுனேன். விடியக்காலையில குளியலறையில தாப்பாப் போட்டு, காதுல மாட்டிப் பாத்தேன். தீர்ப்பு நாளு. இருந்த ஒரு சாட்சியும் பல்டி, ஒரு தடயத்தக் காட்டல, தமிழினிக்குப் பத்து வருசம்! ஜட்ஜை அடிக்கலாம்னு வந்துச்சு. அடக்கிக்கிட்டேன். அன்னைக்குக் குடோன் லீவு. அதனால கார்த்திகா பாத்திருக்க முடியாது. சட்ட மூளை!

ராத்திரி டிவி முன்னாடி உக்காந்தோம்.

"இன்னைக்குத் தண்டனைதான்"னேன்.

"போங்க, விடுதலை ஆயிருவா."

"தோத்தா தோட்டம். சம்மதமா?"

"சம்மதம்."

எட்டரைக்குத் தீர்ப்பு வந்துச்சு. நான் துள்ளுன துள்ளுல பக்கத்து வீட்டு நாய் குரைச்சுச்சு. கார்த்திகா டிவிய அமத்திட்டு எந்திரிச்சா. பையை எடுத்தா, மறுநா காலையில ஜீப்பு ஏறிட்டா. டவரு இல்லாத மலையில சீரியல் இல்லாம கெடந்து தவிக்கட்டும்னு கையாட்டுனேன். அதே வேகத்துல, இனி எதுக்குக் கேபிளுன்னு பெட்டியக் கழட்டி எபினேசர் அண்ணன்கிட்டக் குடுத்துட்டேன்.

அடுத்த நாள் விடியக்காலையில ஆப்பைத் தொறந்தா உள்ள விடமாட்டேங்குது. மேல போன் போட்டேன். டவரு இல்லாட்டியும் மாமனாரு வீட்டுக்கு நெட்டு லைன் இழுத்திருக்காராம், அதுலயே எடுத்தா.

"பாஸ்வேர்டா? மாத்திட்டேங்க. நீங்க கட்டுன காசு என் அக்கவுண்டுல இருந்துதான போச்சு? அன்னைக்கே மெசேஜ் வந்துருச்சு."

"எப்படி மாத்துன? எம் போனுக்குல்ல ஓடிபி நம்பர் வரும்!"

"கேஸ் சிலிண்டருக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கன்னேன். நான் கெளம்புற அன்னைக்கு விடியக்காலையில, தூக்கத்துல சொன்னீங்களே."

சைபர் சட்டத்துலயும் எனக்கு அரியர்தான்.

"சரி, அத விடு. தமிழினி அப்பீல் போட்டாளா?"

"போட்டா. புது ஜட்ஜு வந்து... வேணாம், சொன்னா ருசி போயிரும். அம்மா கூப்புடுது."

வச்சுட்டா. எனக்குச் சோறு எறங்கல. சாட்சியே இல்லாத ஒரு தீர்ப்பு நிக்குமா, நிக்காதா? சட்டப் புத்தகத்தத் தொறந்தா எல்லாப் பக்கத்துலயும் தமிழினி அழுகுறா. எபினேசர் அண்ணன்கிட்ட ஓடுனா, பெட்டி சிலமலை ஊரு டீக்கடைக்குப் போயிருச்சாம். எட்டரைக்குத் தெருவுல ரெண்டு தடவ நடந்தேன். முந்தி அந்நேரம் தெருமுனையில நுழைஞ்சா, அந்த முனை போறதுக்குள்ள மொத்தக் கதையும் காதுல விழுந்துரும். இப்ப ஆளுக்கொரு போனு, காதுல ஒரு வயரு. தெருவே ஊமையாக் கெடக்கு.

மூணாவது நாளு நானும் ஜீப்பு ஏறிட்டேன்.

தோட்டத்து வாசல்ல நின்னு கார்த்திகா சிரிச்சா.

"நான் வரச் சொன்னேனா?"

"ஏண்டி, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சேவா தோத்த?"

"செயிச்சு உங்கள அனுப்பியிருந்தா மூஞ்சியத் தூக்கிக்கிட்டு வந்து மறுநாளே ஓடியிருப்பீங்க. தானா வந்தவுக நிப்பாக. இந்தாங்க கூடை. காய் எடுத்துட்டு வந்தாத்தான் எபிசோடு."

தமிழினிக்கு அப்பீல்ல விடுதலை கெடைச்சிருச்சு. எனக்குக் கார்த்திகை வரைக்கும் காய் எடுப்புன்னு கார்த்திகா சொல்லிட்டா.