உறவினர் அல்லாத ஒருவர்

“அப்போ நீ எனக்குத் தம்பி முறை வேணுமே!” என்றார் ஜாபேஸ். சொன்ன கையோடு, திறந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

ஜெபசீலன் சட்டைப்பைக்குள் போன பேனாவையே பார்த்தான். பேனா காகிதத்தைத் தொடப் போன நேரத்தில்தானா இந்த மனிதர் “உங்க அம்மை யாரு?” என்று கேட்க வேண்டும்? அதற்கு இவன்தான் ஏன் வாயைத் திறந்து “டோனாவூர் சாலோமி” என்று சொல்லித் தொலைத்தான்?

“எப்பிடி சார் தம்பி முறை?”

“எங்க சித்தியும் உங்க அம்மையும் போர்டிங்ல ஒரே ரூம்லே. ஒரே பாய்ல படுத்து எந்திரிச்சவங்க அக்கா தங்கச்சியில்லாம வேற யாரு? இனிமே சார்னு கூப்பிடாத. அண்ணன்னு சொல்லு.”

“சரிண்ணே. அப்போ அண்ணனா நினைச்சே இதுல ஒரு கையெழுத்து...”

“அண்ணன்னு ஆனபொறவு எப்பிடிலே போடுவேன்? இங்கன என்ன எழுதியிருக்கு, நீயே வாசி.”

அதை வாசிக்க வேண்டியதே இல்லை. ஜெபசீலனுக்கு மனப்பாடம். ‘விண்ணப்பதாரரை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத அரசு அதிகாரி ஒருவரிடமிருந்து நன்னடத்தைச் சான்று.’

அரசுப் பள்ளி ஆசிரியராவதற்கு ஒரு மனிதன் என்னென்ன ஆக வேண்டுமோ அத்தனையும் அவன் ஆகிவிட்டிருந்தான். கணக்கில் பட்டம் வாங்கினான். பி.எட். முடித்தான். தகுதித் தேர்வில் மூன்று முறை மண்ணைக் கவ்வி நாலாவது முறை தேறினான். தகுதி இருந்தால் மட்டும் போதாது, நியமனத்துக்குத் தனித் தேர்வு என்றார்கள், அதையும் எழுதினான். முப்பத்தொன்பது வயதில் பட்டியலில் பேர் வந்தபோது அவன் துள்ளிக் குதிக்கவில்லை. தலைக்குள் ஏதோ ஒரு மின்விசிறி நின்றுபோன மாதிரி அமைதியாக இருந்தது, அவ்வளவுதான். மறுநாளே தனியார் பள்ளி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அங்கே கேக் வெட்டி, சால்வை போட்டு அனுப்பிவிட்டார்கள். அவன் இடத்தில் வேறு ஆளும் வந்தாயிற்று.

எல்லாச் சான்றுகளையும் சேர்த்துவிட்டு, இருப்பதிலேயே சுலபமானது என்று கடைசிக்கு வைத்திருந்தது இந்த நன்னடத்தை. அவன் நடத்தையில் ஒரு குறையும் கிடையாது. கெட்டுப்போவதற்கு வாழ்க்கையில் அவனுக்கு நேரமே கிடைத்ததில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பாளையங்கோட்டையில் ஒருவரை நன்கு அறிந்தவர் எல்லாம் அவருக்கு உறவினர். உறவினர் அல்லாதவருக்கு அவரைத் தெரியாது. முன்பின் தெரியாத இரண்டு அதிகாரிகளிடம் போய்ப் பார்த்துவிட்டான். ஒருவர் வாசலிலேயே கும்பிட்டு அனுப்பினார். இன்னொருவர் கும்பிடவும் இல்லை.

“வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கொண்டாரலேன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாவ. பொறவு எங்கிட்ட வந்து அழப்பிடாது” என்று சரிபார்ப்பு அலுவலகத்து எழுத்தர் முத்துராணி சொல்லியிருந்தாள். இன்று செவ்வாய்.

“சொந்தம் இல்லேன்னு எழுதிட்டா என்னண்ணே? யாருக்குத் தெரியப்போவுது?” என்று கேட்டான்.

அரசு பாலிடெக்னிக் முதல்வர் ஜாபேஸ் காதைப் பொத்திக்கொண்டார். “சொந்தத்த இல்லேன்னு எழுதுனா பொய்ச்சாட்சி. பத்துக் கட்டளையில ஒம்பதாவது. நீ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கப் போறவன், இப்பிடிப் பேசலாமா? ஒண்ணு செய்யி. களக்காட்டுல டார்லின்னு வேளாண்மை அதிகாரி. நான் போன்ல சொல்லுதேன், போய்ப் பாரு. ஆமா, சாயங்காலம் நம்ம கோயில்ல அசனம். வெங்காயம் உரிக்க ஆள் பத்தல. சொந்தக்காரப் பிள்ளை நீ வராம இருந்தா நல்லாவா இருக்கும்?”

கோயில் விருந்துக்கு மூட்டை மூட்டையாக வெங்காயம் வந்திறங்கியிருந்தது. ஜெபசீலன் உட்கார்ந்து உரித்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் இருந்தவர்களிடம் ஜாபேஸ், “நம்ம தம்பிதான், கணக்கு வாத்தியாரு” என்று சொல்லிக்கொண்டே போனார். அப்போது கண்ணில் வந்த தண்ணீர் முழுவதும் வெங்காயத்தால் வந்தது என்று சொல்ல முடியாது.

போன வருடம் அம்மா இறந்தபோது, பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. குழி வெட்ட வந்தவர்களையே ஒரு கை பிடிக்கச் சொல்லித்தான் கல்லறைத் தோட்டத்துக்குள் கொண்டுபோனான். அதற்குப் பிறகு அவனை முறை சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வாடகைக்கு இருக்கும் வீட்டில், பேசுவதற்கு என்று இருந்தது வானொலிப் பெட்டி ஒன்றுதான். ‘நம்ம தம்பி’ என்ற சொல்லைப் படுக்கையில் கிடந்தபோதும் ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

புதன்கிழமை களக்காட்டுக்குப் பஸ் ஏறினான். இந்த முறை உஷாராக இருந்தான். அம்மா பேரைச் சொல்லக் கூடாது, ஊர் பேரைச் சொல்லக் கூடாது என்று வழி நெடுகத் தனக்குத்தானே பாடம் நடத்தினான்.

டார்லின் மேடம் காகிதத்தை வாங்கிப் படித்தார். இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்த ஊரு?”

“ஓசூர் மேடம்.”

“ஓசூரா? இந்த மூக்கு ஓசூர் மூக்கு இல்லியே!”

ஜெபசீலன் மூக்கை மறைக்கப் பார்த்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

“பேட்டையில ஒர்க்‌ஷாப்புல இருந்த அந்தோணி மவன்தான நீ? ஜாபேஸ் அண்ணன் போன்ல சொன்னாவ. உங்க தாத்தாதான் எங்க வீட்டுக்காரருக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தப்போ கையில ஏந்தினவரு! அப்போ உங்க அப்பா எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன். நான் உனக்குச் சித்தி. சித்தியிட்டயே ஓசூர்ங்கியே, வெக்கமா இல்ல?”

வெட்கமாகத்தான் இருந்தது. சித்தி என்று ஆனபின் கையெழுத்தைப் பற்றிப் பேச்செடுக்கவே கூச்சமாகப் போய்விட்டது. சித்தி சோறு போட்டார். மீன் குழம்பை இரண்டாம் முறையும் ஊற்றினார். புறப்படும்போது ஒரு வாழைத்தாரைத் தோளில் ஏற்றி, பாளையங்கோட்டையில் இருக்கும் மகள் வீட்டில் இறக்கிவிடச் சொன்னார்.

“உனக்குத் தங்கச்சி முறைலே. பைய எறக்கு, காய் அடிபட்டுரும்” என்றவர், “முக்கூடல்ல ஆத்துப் பாசனத்து இன்ஜினியரு பரமசிவன் இருக்காரு. அவரு இந்து. அவரப் போய்ப் பாரு. அவருட்ட உனக்கு என்ன சொந்தம் வந்துரப் போவுது?” என்றார்.

அது நியாயமாகப் பட்டது. இதை முதலிலேயே யோசித்திருக்கலாம் என்று தாரைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் நின்றபோது ஜெபசீலன் தன்னையே திட்டிக்கொண்டான். கண்டக்டரும் வேறு காரணத்துக்காக அவனைத் திட்டினார்.

வியாழக்கிழமை பரமசிவன் ஆற்றங்கரை அலுவலகத்தில் இருந்தார். நெற்றி நிறைய விபூதி. அதைப் பார்த்ததும் ஜெபசீலனுக்குத் தெம்பு வந்தது.

“ஜெபசீலனா? வேதக்காரரா?”

“ஆமா சார். அஞ்சு தலைமுறையா வேதக்காரங்க” என்றான் அழுத்தமாக. இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் கட்டுவதுபோல, எத்தனை தலைமுறை வைத்தாலும் நல்லது என்று அவனுக்குத் தோன்றியது.

பரமசிவன் பச்சைப் பேனாவை எடுத்தார். ஒரு நிமிடம் ஆற்றைப் பார்த்தார். பேனாவை மேசையில் வைத்தார்.

“அதுக்கு முந்தி?”

“எதுக்கு முந்தி சார்?”

“அஞ்சு தலைமுறைக்கு முந்தி நீங்க யாருவே? எங்க பாட்டனாருக்குப் பாட்டனாரு கூடப் பொறந்தவரு ஒருத்தரு, டோனாவூர்ப் பக்கம் போயி வேதத்துல சேந்துட்டாரு. அவரு போனாரு, நாங்க போவல. கும்பிடுத சாமி மாறலாம்வே. ரத்தம் மாறுமா? நீரு எனக்குப் பங்காளி மவன். நான் உமக்குப் பெரியப்பன்!”

“சார், டோனாவூர் எங்க அம்மா ஊரு. அப்பா வழி...”

“அம்மையும் அப்பனும் ஒரே ஊர்க்காரவ இல்லாம எங்க போவாவ?” என்று பரமசிவன் அந்த வழியையும் அடைத்துவிட்டார்.

“பெரியப்பா, நாளைக்குத்தான் கடைசி. இத விட்டா அடுத்த நியமனம் எப்போன்னு ஆண்டவருக்கே தெரியாது. பார்த்துக்கிட்டிருந்த வேலையவும் விட்டுட்டேன். அஞ்சு தலைமுறைக்கு அங்கிட்டு உள்ளதெல்லாம் கணக்குல வராது பெரியப்பா!”

“கணக்கு வாத்தியாரு சொல்லுத பேச்சா இது? மேலப்பாளையத்துல கால்நடை மருத்துவரு நூர்முகம்மதுன்னு இருக்காரு. நாளைக்குத் தொழுகை முடிஞ்சு வீட்டுல இருப்பாரு, போம். அவரு துலுக்கரு. கிறிஸ்தவனும் இல்ல, இந்துவும் இல்ல. ஒரு வாசல் அடைஞ்சா இன்னொரு வாசல் இல்லாமலா போவும்? ஆமா, எங்க அத்தைய நெல்லையில கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும். போறபோக்குல ஒரு ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிரும். உமக்கும் ஆச்சி முறைதான்.”

அன்று முழுவதும் கண்ணாஸ்பத்திரியில் கழிந்தது. கண்ணுக்கு மருந்து விட்டிருந்த கிழவி அவன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். “பேராண்டி, பேராண்டி” என்று கூப்பிட்டாள். அவளுக்கு அவன் முகம் தெரியவே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம், தொழுகை முடிந்து நூர்முகம்மது வீட்டு முற்றத்தில் ஓர் ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஜெபசீலன் கேட்காமலே போய் ஆட்டின் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டான். உலகத்திலேயே தனக்கு எந்த வகையிலும் சொந்தம் வர முடியாத மனிதர் இவர் ஒருவர்தான் என்ற நன்றி அவனுக்கு. அவர் மனைவி முஃபீதா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

மருத்துவர் கையைக் கழுவிவிட்டுக் காகிதத்தைப் படித்தார்.

“அப்பா என்ன பண்ணுனாங்க?”

பொய் சொல்ல ஜெபசீலனுக்குத் தெம்பில்லை. “பேட்டையில கடைசல் பட்டறையில வேலை.”

“அந்தோணியா?” மருத்துவர் எழுந்து நின்றுவிட்டார். “யா அல்லா! எங்க வாப்பாவும் அங்கதான். ரெண்டு பேரும் ஒரே தூக்குவாளியில சாப்பிட்டவங்க. உங்க அப்பாவ எங்க வாப்பா மச்சான்னுதான் கூப்பிடுவாங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல. வாப்பாவுக்கு மச்சான்னா எனக்கு மாமா. மாமா மவன் நீ எனக்கு யாரு?”

ஜெபசீலன் தேநீரைத் தள்ளி வைத்தான். அவனுக்கு விடை தெரிந்துவிட்டது.

“மச்சான்!” என்று நூர்முகம்மது அவனை மார்போடு சேர்த்துக்கொண்டார். “இவ்வளவு நாள் எங்க இருந்தே மச்சான்? இந்தக் கையால, நீ எனக்கு ஒண்ணுமில்லேன்னு எப்பிடி எழுதுவேன்?”

மணி மூன்றரை. அந்த அணைப்பில் ஆட்டு வாடையும் அத்தர் வாடையும் அடித்தன. ஜெபசீலன் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். வேலை போயிற்று என்று அழுதானா, மச்சான் கிடைத்தார் என்று அழுதானா என்பது அவனுக்கே தெரியவில்லை. இரண்டாவதற்காகவும் கொஞ்சம் அழுதான் என்பது மட்டும் நிச்சயம்.

“பெருநாளைக்கு வீட்டுக்கு வந்துரணும். சாப்பாடு இங்கதான். வராம இருந்தா எனக்குக் கெட்ட கோவம் வரும்” என்று சொல்லி வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, மருத்துவர் ஆட்டைப் பார்க்கத் திரும்பினார்.

வாசலில் செருப்பை மாட்டாமல் ஜெபசீலன் சற்று நேரம் நின்றான். காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தான். போகட்டும். வேலை எத்தனையோ பேருக்குக் கிடைக்காமல் போகிறது. கிறிஸ்துமஸுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தவனுக்கு இனி போய்ச் சாப்பிட நாலு வீடு. தான் செத்தாலும் பெட்டியைத் தூக்க ஆள் இருக்கிறது. கைப்பேசியை எடுத்து, எண்களாக மட்டும் இருந்தவற்றுக்குப் பெயர் கொடுத்தான். அண்ணன். சித்தி. பெரியப்பா. கடைசி எண்ணுக்கு ‘மச்சான்’ என்று அவன் விரல் எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தபோது, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு அம்மாளின் குரல் கேட்டது.

“யாரு முஃபீதா அது, அழுதுக்கிட்டுப் போறாவ? உங்களுக்குச் சொந்தமா?”

“சொந்தமும் இல்ல, சுரைக்காயும் இல்ல மைனி,” என்றார் முஃபீதா, “தினமும் போன்ல பேசிக்கிடுதாவள்ளா அந்த நாலு ஆபீஸரும், அவுங்களுக்குக் கையெழுத்துப் போட மனசில்லேன்னா, வந்து நிக்கவன் யாரா இருந்தாலும் ஜாபேஸ் சாருக்குத் தம்பி, எங்க வீட்டு இவ்வொளுக்கு மச்சான்!”