கையேட்டின் கடைசி வரி

"எல்லாம் சரியா இருக்கு சார். கடைசி வரி மட்டும் இடிக்குது" என்றாள் தூரத்துக் கிளைப் பெண், போனில்.

கையேட்டுக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. இருநூறு பக்க மென்பொருள் கையேடு. ஒரே மூலத்திலிருந்து இரண்டு கிளைகளும் தனித்தனியே தயாரித்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் கம்பெனி ஏற்கும். ஏற்றால்தான் அவருக்கு லீவு. நாளைக் காலை ரயிலேறி, பிறந்து நாற்பது நாளாகியும் இன்னும் பார்க்காத பேத்தியைத் தூக்கலாம்.

"என்ன இடிக்குது?"

"தயாரான நேரம். உங்களுது சாயங்காலம் ஆறரை. எங்களுது காலைல ஒன்பது."

"ஒன்பதரை மணி நேரம் தள்ளியிருக்கற ஊரு வேற எப்படிம்மா காட்டும்? சூரியனைப் போய்க் கேளுங்க! எந்தப் புண்ணியவான் இந்த வரியை வச்சான்?"

திட்டிக்கொண்டே தன் கணினியை அவள் ஊர் நேரத்துக்கு மாற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று போனிலேயே எண்ணி இருவரும் மறுபடி பொத்தானை அழுத்தினார்கள்.

"இப்ப உங்களுது காலை ஒன்பதரை, எங்களுது சாயங்காலம் ஏழு."

"எப்படி?"

"பெரியவருக்கு எதுக்குச் சிரமம்னு நான் உங்க ஊர் நேரத்துக்கு மாத்திட்டேன் சார்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். இருவரும் உலகப் பொது நேரத்துக்கு மாறினார்கள். இப்போது நொடி இடித்தது. அவருடைய கிழட்டுக் கணினி மூன்று நொடி பிந்தியிருந்தது.

"நேரமாவது மண்ணாவது! பூஜ்யம்னு போட்டுத் தொலைங்க!"

கணினி நேரத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்யம் 1970 ஜனவரி ஒன்று. அவருடைய பிரதியில் அப்படித்தான் வந்தது. அவளுடையதில் 1969 டிசம்பர் முப்பத்தொன்று.

"சாப்பாட்டு நேரம் குழம்புதுன்னு, பொது நேரத்துக்குப் பின்னாடி இருக்கற எங்க ஊர் நேரத்துக்கே திருப்பிட்டேன் சார்..."

அதற்குள் மேனேஜர் பின்னால் வந்து நின்றிருந்தார். "கம்பெனி பொறக்கறதுக்கு முன்னாடியே கையேடு ரெடியா? பேஷ்!"

கையேட்டுக்காரர் எழுந்தே விட்டார். "அந்த வரியைத் தூக்குங்க சார்! அது யாருக்கு வேணும்?"

"யாரோ எழுதிக் கேட்டுத்தான் வச்சிருக்கோம். கேட்டவங்க ஒப்புக்காம தூக்க முடியாது."

"அப்ப அந்த ஆளோட லீவை ரத்து பண்ணுங்க! அவனே உட்கார்ந்து சரி பண்ணட்டும். என் பேத்தி என்ன பாவம் பண்ணினா?"

நியாயம்தான் என்று மேனேஜருக்கும் பட்டது. லீவு ரத்து உத்தரவை அங்கேயே எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு, கையெழுத்தும் போட்டார். கையேட்டுக்காரர் மனைவிக்குப் போன் செய்து பெட்டியைக் கட்டச் சொன்னார். அன்றைக்கு முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

ரெக்கார்டு அறை அம்மா, மேனேஜர் கேட்டனுப்பிய பழைய ஃபைலோடு வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள்.

"'நான் வேலையை முடித்த நேரத்தைக் கடைசி வரியில் போடவும், தாமதம் என்று இனி யாரும் என் மேல் பழி போடக் கூடாது'ன்னு இருக்கு... கீழ உங்க கையெழுத்துதான் சார்."