வந்த செல்களும் ஏறிய சர்க்கரையும்

"இன்னிக்கும் ஏறித்தான் இருக்கு," என்று உள்ளறையிலிருந்து வந்த கணவர் சர்க்கரை பார்க்கும் மீட்டரை நீட்டினார்.

தையல்காரி எண்ணைப் பார்த்தாள். மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதருக்குச் சர்க்கரை இறங்கினால் தாங்கிப் பிடிப்பதும், ஏறினால் இன்சுலின் போடுவதுமாகவே அவளுக்குக் காலம் போயிருந்தது. போன மாதம்தான், இறந்துபோன யாரோ ஒரு புண்ணியவானின் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களைப் பிரித்தெடுத்து, இவருடைய கல்லீரலுக்குள் செலுத்தினார்கள். ஊசியும் நின்றது. இனியாவது கண்ணயரலாம் என்றிருந்தாள்.

"உடம்பு அந்த செல்லை ஏத்துக்கலையோ?"

"மீட்டர் கோளாறா இருக்கும், விடு."

"விடறதா? செத்தவர் குடுத்துட்டுப் போனதைக் காப்பாத்த வேண்டாமா?"

அவருடைய சாப்பாட்டைப் பாதியாக்கினாள். மீதியைக் கொட்ட மனமில்லாமல், துணைக்கு வந்து தங்கியிருந்த தம்பியின் தட்டில் தள்ளினாள். சர்க்கரை இன்னும் ஏறியது. கணவரை மாடிப்படியில் ஏறி இறங்க வைத்தாள். அவர் இளைத்தார், எண் இளைக்கவில்லை. புது மீட்டர் வாங்கினாள். அது பழையதையும் மிஞ்சியது.

"எனக்குத் தெரியாம எதையோ தின்னுறீங்க!"

"பட்டினி கிடக்கிறவன்கிட்ட பேசுற பேச்சா இது?"

"அத்தானைத் திட்டாதேக்கா," என்றான் தம்பி, வாய் நிறையச் சோற்றோடு.

சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கவலையில் ஒரு சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகவே தைத்துவிட்டு, அதைப் பிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் அழுதாள். கடைசியில், நடக்கவே தள்ளாடிய கணவரைத் தம்பி ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமும் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் நிமிர்ந்தார். "பிரமாதம்மா. புது செல்லெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது. ஆனா ஆளை ஏன் இப்படிக் காயப் போட்டிருக்கீங்க?"

அவளுக்கு உயிர் வந்தது. உடனே சந்தேகமும் வந்தது.

"அப்போ வீட்ல தினமும் ஏறினது?"

கணவர் சுவரில் தொங்கிய படத்தை ரொம்ப உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினார்.

தம்பி மட்டும் மெல்லத் தன் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா... குத்திக் குத்தி வெறுத்துப்போச்சுன்னு அத்தான் தினமும் என் விரலைத்தான் குத்தினார். அப்போ அந்தச் சர்க்கரை எனக்கா?"