ஏழு கிரகங்களும் ஒரு குண்டு பல்பும்

அறிவியல் ஆசிரியைக்கு அறிவியல் தெரிந்திருக்கும் என்பது பெற்றோர்களின் நம்பிக்கை. என் விஷயத்தில் அது பொய்த்துப்போன நாள் ஒன்று உண்டு.

வேலூரில் ஒரு கான்வென்ட் பள்ளியில் சேர்ந்து எனக்கு அப்போது பதினோரு மாதம். வருட முடிவில் வேலை நிரந்தரமா, இல்லையா என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் சொல்லிவிடுவார். அறிவியல் கண்காட்சியில் அவரை அசத்திவிடத் தீர்மானித்தேன். எல்லாரையும் போல எரிமலையா செய்வேன் நான்? நாற்பது ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் டிராப்பிஸ்ட்-1 என்ற குட்டிச் சிவப்பு நட்சத்திரத்தையும் அதன் ஏழு கிரகங்களையும் செய்யப் புறப்பட்டேன். (என் தலைக்கனத்தையும் சேர்த்தால் எட்டு.)

ஆம்பூர்க்காரிக்குக் கைவந்த பொருள் தோல்தானே. அண்ணன் அங்கே தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தெர்மாகோல் உருண்டைகளின் மேல் தைத்துப் போர்த்த, பதனிடும் குரோம் உப்பில் ஊறி ஈரம் காயாத நீலத் தோல் துண்டுகளை அவனிடம் கேட்டேன். பூமி மாதிரியே நீலம்.

“இது இன்னும் காயல ஷீலா, காஞ்சா சுருங்கிக்கும். ரெண்டு நாள் பொறு, ஃபினிஷ் பண்ண தோலு தர்றேன்” என்றான்.

ஷூவுக்குப் போகிற கறுப்புத் தோலில் கிரகமா என்று எகிறினேன். பிசிக்ஸ் படித்தவள் நானா, அவனா?

கண்காட்சியன்று நட்சத்திரமாக, சிவப்பு பெயிண்ட் அடித்த இருநூறு வாட் குண்டு பல்பு. சூரியனுக்குப் புதன் இருப்பதைவிட நெருக்கமாக அந்த ஏழும் தங்கள் நட்சத்திரத்தைச் சுற்றுகின்றன. துல்லியத்தில் நான் விட்டுக்கொடுப்பேனா? பல்பை ஒட்டியே தொங்கவிட்டேன்.

சிஸ்டர் என் மேசைக்கு வருவதற்குள், பல்பைப் பார்த்த பக்கமெல்லாம் தோல் காய்ந்து முறுக்கி, தையல் விட்டு, உள்ளே தெர்மாகோல் உருகிப்போயிருந்தது. பின்பக்கம் மட்டும் ஈரமாக, நீலமாக அப்படியே இருந்தது. வாடையும் கிளம்பியிருந்ததாம். ஆம்பூர் மூக்குக்கு அது எட்டவில்லை. சிஸ்டர் கைக்குட்டையை எடுத்த பிறகுதான் புரிந்தது.

ஏன் ஒரு பக்கம் மட்டும் இப்படி என்று கேட்டார்.

“பல்பு வாட்டேஜ் ஜாஸ்தியாய்டுச்சு சிஸ்டர். தோலும் காயாத தோலு. மன்னிச்சிடுங்க.”

அவர் கைக்குட்டையை இறக்கிவிட்டு, மேசைக்குப் பின்னால் நான் ஒட்டியிருந்த சார்ட்டைப் பார்த்தார்.

“அங்கயும் அப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்களேம்மா. ஒரே பக்கம்தான் எப்பவும் நட்சத்திரத்தப் பாத்துட்டிருக்கும், பாக்குற பக்கம் வெந்துபோயிருக்கும்னு. உங்க சார்ட்லயே எழுதியிருக்கே.”

எழுதித்தான் இருந்தது. என் கையெழுத்தில்.

வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருடம் பிடித்தது. வீட்டில் இன்றைக்கும் ஒரு பக்கம் கருகிய தோசை என் தட்டுக்குத்தான் வரும்.

“அது டீச்சருக்கு” என்பான் அண்ணன். “ஏன் கருகுச்சுன்னு மட்டும் அவளக் கேக்காதீங்க.”