லேபல் அண்ணையின் சாட்சிக் கன்னம்

ஒஸ்லோவில் தமிழர் வீட்டுக் குளியலறைகளை லேபல் அண்ணை அளவுக்கு அறிந்தவர் ஒருவரும் கிடையாது. தப்பாக நினைக்காதீர்கள். பிறந்தநாள் விழாவுக்கு வருவார், "ஒருக்கால் கை கழுவிப்போட்டு வாறன்" என்று உள்ளே போவார். அவ்வளவுதான், வெளியே வரிசை கட்டி நிற்கும். அரை மணித்தியாலம் கழித்துக் கதவைத் திறந்து, கால் மாற்றி மாற்றி நிற்கிற வீட்டுக்காரியிடம், "தங்கச்சி, உங்கடை ஷாம்புவிலையும் கோப்பை கழுவுற திரவத்திலையும் முதல் நாலு சாமானும் ஒண்டுதான், தெரியுமோ?" என்பார்.

போத்தல், டப்பா எதைக் கண்டாலும் லேபலை வாசிப்பதால் வந்த பெயர் அது; சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒஸ்லோவுக்கு அடுத்த லோறென்ஸ்கூக்கில் சோப்பும் கிறீமும் அடுக்கி வைக்கிற ஒரு களஞ்சியத்தில் வேலை. பெட்டி நசுங்கியவற்றை வேலையாட்கள் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் மனைவிக்குக் கொண்டுபோனார்கள். அண்ணை தன் முகத்துக்குக் கொண்டுபோனார். அதிலும் இடது கன்னத்துக்கு மட்டும்.

"இது பரிசோதனைக் கன்னம்," என்று விளக்குவார். "மற்றது சாட்சிக் கன்னம். அதிலை தண்ணியைத் தவிர ஒண்டும் படாது. சாட்சி இல்லாட்டி எது வேலை செய்யுது எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

இப்படி ஒன்பது வருஷம்! இடப்பக்கமாகப் பார்த்தால் நாற்பது வயது மதிக்கலாம். வலப்பக்கமாகப் பார்த்தால் பென்சன் எடுக்கிற ஆள். மாரிக் குளிரில் சாட்சிக் கன்னம் காய்ந்து வெடிக்கும். மனைவி கெஞ்சினாலும் வாசலின்கூடத் தொடவிட மாட்டார்.

பிறகு ஒரு காலம் வந்தது பாருங்கள், எந்த டப்பாவைத் திருப்பினாலும் கஞ்சா இலை. முகத்துக்குக் கிறீம், உதட்டுக்குத் தைலம், கண் இமைக்கு மை, எல்லாவற்றிலும் அந்த ஐந்து விரல் இலை. ஒரு காலத்தில் பெயரைச் சொன்னாலே வாயில் அடி விழும். இப்போது அலங்காரக் கடையில் அதற்குத் தனித் தட்டு. அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. குறொன்லாண்ட் மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்து நிறுத்தி, பூதக்கண்ணாடியோடு ஒரு டப்பாவை நீட்டினார்.

"இஞ்சை பாரும், கஞ்சா விதை எண்ணெய்! ரெண்டு கிழமையாய்ப் பூசுறன். தொட்டுப் பாரும்."

சனம் பார்க்கப் பார்க்க நடுக்கடையில் அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். பட்டுப் போலத்தான் இருந்தது.

நான் அப்போது ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. முழங்கால் இரண்டும் போய்க்கொண்டிருந்தன. மணமகள் அலங்காரம் படித்து முடித்து, முதல் கலியாணம் கையில் வந்திருந்தது. அது சரிவந்தால் அடுத்த வீடு கூப்பிடும், வாளியையும் தும்புத்தடியையும் விட்டுவிடலாம். ஆனால் மணமகளுக்கோ குளிரில் முகமெல்லாம் செதில். பவுடர் பிடிக்கவே பிடிக்காது. அண்ணையின் டப்பா எனக்குத் தெய்வம் தந்தது போலிருந்தது.

கலியாண நாள். கிறீம் பூசி, இரண்டு மணித்தியாலம் உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். பிள்ளை விக்கிரகம் மாதிரி இருந்தாள். நல்ல நேரத்துக்கு நாற்பது நிமிஷம் இருக்கையில், கையில் சர்பத்தோடு மாப்பிள்ளையின் தாய் அறைக்குள் வந்தார். கண் நேரே டப்பாவுக்குப் போனது.

"உதென்ன படம் பிள்ளை?"

"இலை, மாமி."

"கீரை எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. என்ரை மகனுக்குச் சுங்கத்திலை வேலை. அவன் கூட்டிக்கொண்டு திரியிற நாய்க்கு உந்த மணத்தைப் பிடிக்கிறதுதான் தொழில். நாளைக்கு அது பொம்பிளையை மோந்து பிடிச்சால்? முகத்தைக் கழுவு!"

கழுவினால் தாலி கட்டும் முன் திரும்பப் போட நேரமே இல்லை. மணமகளுக்குக் கண் கலங்கி மை கரையத் தொடங்கியது. ஓடிப்போய் மண்டபத்தில் இருந்த அண்ணையை இழுத்து வந்தேன்.

"அக்கா, வெறி இருக்கிறது இலையிலையும் பூவிலையும்," என்று தொடங்கினார். "இது விதை எண்ணெய்."

"ஒரே செடிதானே?"

"ஓம், ஒரே செடிதான்."

பொய் சொல்லத் தெரியாத மனிதரைக் கூப்பிட்ட என்னைச் சொல்ல வேண்டும். அவர் முதுகில் கிள்ளினேன். அண்ணைக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"உங்கடை கையிலை கிடக்கிற சர்பத்தையே எடுங்கோ. கசகசா போட்டிருக்குத்தானே? கசகசா எண்டிறது அபின் செடியின்ரை விதை. குடிச்சனியள், வெறிச்சதோ?"

மாமி கையை உதற, சர்பத் பாதி தரைவிரிப்பில். "ஐயோ கடவுளே, அபினோ! முந்நூறு பேருக்கெல்லோ குடுத்துப்போட்டம்!"

அப்போதுதான், படமெடுக்க வந்திருந்த கோயம்புத்தூர்ப் பெண் கமராவை இறக்கினாள். "அண்ணா, அது எங்க ஊரு கசகசா. நீங்க கசகசான்னு சொல்லி சர்பத்துல போடுறது சப்ஜா விதை. துளசி மாதிரி ஒரு செடியோடது. ரெண்டும் வேற வேற!"

நடந்தது இதுதான். பாண் ரொட்டிப் பையில் நோர்வே மொழியில் அபின் விதை என்று வாசித்த அண்ணை, இணையத்தில் அதற்குத் தமிழ் தேடி, தமிழ்நாட்டுக்காரர் யாரோ எழுதியதைப் பிடித்திருக்கிறார். யாழ்ப்பாணத்துக் கசகசா வேறு என்பது அந்தப் பக்கத்தில் இல்லை.

"சர்பத்திலை மிதக்கிறது என்னெண்டு தெரியாத ஆள், கிறீமைப் பற்றிக் கதைக்க வந்திட்டார்," என்றார் மாமி.

அண்ணையின் முகம் சுருங்கிப் போனது. லேபல் விஷயத்தில் அவர் பிழைவிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். மெல்ல, "என்ரை கன்னத்தைப் பாருங்கோவன்," என்று இடப்பக்கத்தைக் காட்டினார்.

"உந்தக் கன்னத்திலை ஊரிலை உள்ள எல்லாத்தையும் பூசியாச்சு. உது என்னத்தைக் காட்டும்?"

நியாயமான கேள்வி. அண்ணை டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் ஒரு பெரிய கட்டி வழித்தார்.

"அண்ணை, வேண்டாம்!" என்று கத்தியே விட்டேன்.

வலது கன்னத்தில் அப்பித் தேய்த்தார். "இனிப் பாருங்கோ அக்கா. வெறிச்சால் சொல்லுறன்."

மாமி விடவில்லை. இன்று என்ன கிழமை என்று கேட்டார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், தரைவிரிப்பின் கோட்டில் நேராக நடக்கச் சொன்னார். அண்ணை நடந்தார். நடந்துகொண்டே டப்பாவில் இருந்த இருபத்திரண்டு சாமான்களையும் பார்க்காமல் ஒப்புவித்தார். பத்து நிமிஷம் போனது. மாமி கிட்டப் போய் அந்தக் கன்னத்தைத் தொட்டார்.

"வெடிப்பெல்லாம் அமர்ந்திட்டுது," என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "ஏன் பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கிறாய்? பொம்பிளையின்ரை கண்மையைச் சரிபண்ணு. நாயை நான் பாத்துக்கொள்ளுறன்."

தாலி கட்டி முடிந்து பார்த்தால், அண்ணை மண்டபத்து நடையிலிருந்த கண்ணாடி முன் நின்று வலது கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஒன்பது வருஷம், அண்ணை."

"சாட்சி எண்டால் ஒரு நாளைக்கு வந்து சொல்லத்தானே வேணும், தங்கச்சி," என்றார்.

ஆஸ்பத்திரி வேலையை நான் விட்டு இப்போது நாலு வருஷம். அண்ணை மகளோடு திராமன் நகருக்குப் போய்விட்டார். என்னைத் தேடி வருகிறவர்கள் முதல் மணமகளின் படத்தைக் காட்டச் சொல்வார்கள். அதில் ஓரமாக, இரண்டு பக்கமும் மினுங்க அண்ணை நிற்கிறார். என் கைவேலை அந்தப் பிள்ளையின் முகம்தான். ஆனால் அந்தப் படத்தில் எனக்கு வடிவாகத் தெரிவது அவருடைய வலது கன்னம்.